ஓட்டியது உன் அப்பா அல்ல

கண்ணு,

நீ எழுதியதை நான் படிக்கும் முன்பே குன்னூர் மார்க்கெட்டில் பாதிப் பேர் படித்துவிட்டார்கள். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் அளவு சொல்வதற்கு முன்னால் போனை நீட்டுகிறார்கள். உங்க பையன் எழுதினதுங்களாக்கா, என்னமா எழுதியிருக்காரு, அப்பாவை நினைச்சு எப்படி உருகியிருக்காரு என்கிறார்கள்.  கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, அளவைச் சொல்லுங்க என்கிறேன். போனில் உன்னிடம் சொல்லிப் பார்த்தேன். மீட்டிங்கில் இருக்கிறேன் என்று வைத்துவிட்டாய். மறுபடியும் கூப்பிட்டேன். அப்பாவே ஒன்றும் சொல்லவில்லை, உங்களுக்கு என்ன என்றாய். எனக்கு என்னவென்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீ எல்லோரும் படிக்கும்படி எழுதினாய், நானும் அப்படியே எழுதுகிறேன். கடைசி வரைக்கும் படி, பாதியில் வைத்துவிடாதே.

உன் பதிவைப் படிக்காதவர்களுக்காக அதில் இருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் புதுக் கார்களில் வேகத்தை ஒரு அளவில் வைத்துவிட்டுக் காலை எடுத்துவிடலாமாம். முன்னால் போகிற வண்டி மெதுவாகப் போனால் காரும் இடைவெளி விட்டு மெதுவாகப் போகும், வழி கிடைத்தால் வைத்த வேகத்துக்குத் தானே ஏறும். அதோடு சேர்ந்த இன்னொரு செட்டிங்கும் இருக்கிறது. வலது இண்டிகேட்டரைப் போட்டால், ஓட்டுகிறவர் முன்வண்டியை முந்தப் போகிறார் என்று எடுத்துக்கொண்டு, அவர் காலை வைக்காமலே கார் வேகம் பிடிக்கும். நம் மலையில் வலது இண்டிகேட்டர் எதற்கு என்பதையும் நீயே எழுதியிருக்கிறாய். முன்னால் ரோடு காலி, நீ என்னைத் தாண்டிப் போ என்று பின்னால் வருகிறவனுக்குச் சொல்வதற்கு. தேயிலை ஏற்றும் லீஃப் லாரிக்காரர், காய்கறி வண்டிக்காரர் எல்லோருக்கும் அது கைப்பழக்கம். வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டிய உன் அப்பா பின்னால் வந்த பைக்குக்கு அப்படி வழிவிட்டார், கார் பாய்ந்தது, ஒரு பெண்ணின் கால் போனது, ஊர்க்காரர்கள் அடித்ததில் அப்பாவின் கண்ணும் போனது என்று எழுதினாய். பழைய டிரைவர்களின் கையில் புதிய காரைக் கொடுக்கும் முன் அந்தச் செட்டிங்கை அணைத்துவிடுங்கள் என்று முடித்தாய். செட்டிங்கைப் பற்றி எழுதியது அத்தனையும் சரி. ஓட்டியது உன் அப்பா அல்ல, நீதான் என்பது மட்டும் அதில் இல்லை.

உன் அப்பாவுக்கு நான்தான் அதை வாசித்துக் காட்டினேன். ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு போனைப் பார்த்தால் அவருக்குத் தலை வலிக்கிறது. சவரம் செய்யக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தார். நுரை போட்ட முகத்தோடு கடைசி வரி வரை கேட்டார். நல்லா எழுதியிருக்கான் என்றார். அவ்வளவுதான். பிளேடை இடது பக்கம் இழுத்தபோது காதோரம் கீறிக்கொண்டார், அந்தப் பக்கம் அவருக்குத் தெரியாதே. ரத்தத்தைத் துடைக்கப் போன என் கையைத் தட்டிவிட்டார். நான் எழுதத்தான் போகிறேன் என்றதும், வேண்டாம், அவன் பிழைத்துப் போகட்டும் என்றார். கல்யாணம் ஆன நாள் முதல் அவர் பேச்சில் பாதியைக் கேட்டிருக்கிறேன், பாதியைக் கேட்டதில்லை. இது கேட்காத பாதி.

அவரைத் தியாகி ஆக்க நான் உட்காரவில்லை. உன் அப்பாவின் கை சும்மா இருந்த கை அல்ல. ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி நின்று வழிவிட வேண்டும், அதுதான் மலை ரோட்டு முறை. அந்த முறைக்காக அவர் எத்தனை பேர் சட்டையைப் பிடித்திருக்கிறார் என்று எனக்கே தெரியாது. பர்லியார் பக்கம் லோடோடு ஏறிய லாரிக்கு வழிவிடாமல் வளைவில் மூக்கை நுழைத்த டூரிஸ்ட் கார்க்காரனை வெளியே இழுத்துப் போட்டு, அவன் கண்ணாடியை முஷ்டியாலேயே உடைத்துவிட்டு வந்தார். நீ லாரிக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய். வீட்டுக்கு வந்து, அப்பா கையில் ரத்தம் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். காலேஜ் படிக்கும்போது நீ கார் பழகினாயே, கட்டபெட்டு போகிற வழியில் வளைவில் பஸ்ஸை முந்தினாய் என்று உன்னை அறைந்தார். மூக்கில் ரத்தம் வழிய வந்து நின்றாய். நான் கரண்டியால் அவர் தோளில் போட்டேன், அவர் என் கையை முறுக்கினார், நீ நடுவில் விழுந்து இரண்டு பேரையும் விலக்கினாய். அந்த அறைக்கு இன்றைக்கும் நான் அவர் பக்கம் இல்லை. நம் வீட்டில் கோபம் வந்தால் கை முதலில் போகும், பேச்சு பிறகு வரும். பெருமைக்குச் சொல்லவில்லை. ஆனால் யார் அடித்தது என்று கேட்டால், நான்தான் என்று சொல்லாதவர் நம் வீட்டில் யாரும் இருந்ததில்லை.

அன்றைக்கு உன் கல்யாணப் பத்திரிகை வைக்கக் கிளம்பினோம். பெங்களூரில் இருந்து புதுக் காரில் வந்து இறங்கினாய். சும்மா சொல்லக் கூடாது, வண்டி பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. கோத்தகிரியில் உன் அத்தைக்கு வைத்துவிட்டு, மேட்டுப்பாளையம் இறங்கி, காரமடையில் மாமா வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. நீ ஸ்டீயரிங்கில், அப்பா உன் பக்கத்தில், நான் பின்சீட்டில் பத்திரிகைப் பையோடும் சாப்பாட்டுக் கேரியரோடும். இறக்கம் ஆரம்பித்ததும் அப்பா தொணதொணக்க ஆரம்பித்தார். கியரைக் குறை, பிரேக் சூடாகும், வளைவுக்கு வளைவு ஹாரன் அடி. நீ சிரித்தாய். காலை மடக்கிச் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு, “பாருங்கப்பா, நான் ஒன்னுமே பண்றதில்ல. அதுவே போவுது, அதுவே நிக்குது” என்றாய். ஷோரூமில் வண்டியைக் கொடுத்தவர் எந்த வசதி வேண்டும், எது வேண்டாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாராம். எல்லாத்தையும் ஆன்ல போடுங்க என்று சொல்லிச் சாவியை வாங்கி வந்தாயாம். அதையும் பெருமையாகத்தான் சொன்னாய். வேகத்தை அறுபதில் வைத்திருக்கிறேன் என்றாய். இந்த இறக்கத்தில் எதுக்குடா அறுபது என்று அப்பா கேட்டார். முன்னால் வண்டி இருக்கிற வரைக்கும் கார் அந்த வேகத்துக்குப் போகாது என்று சமாதானம் சொன்னாய்.

முன்னால் போனது ஒரு பிக்கப். பறித்த பச்சை இலையை மூட்டை கட்டி ஃபேக்டரிக்குக் கொண்டு போகிற வண்டி. மூட்டைகளின் மேல் இலை பறிக்கிற பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பின்பலகையைப் படுக்க விட்டு, அதன் விளிம்பில் ஒருத்தி நம்மைப் பார்த்தபடி இரண்டு காலையும் தொங்கப் போட்டிருந்தாள். அவள் பெயர் செல்லம்மா என்று எனக்குப் பிறகுதான் தெரியும். அவள் நம் காரையே பார்த்துக்கொண்டு வந்தாள். உனக்கு ஒரு குஷி. ஸ்டீயரிங்கில் இருந்து இரண்டு கையையும் எடுத்து, அவளுக்குத் தெரியும்படி மேலே தூக்கிக் காட்டினாய். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பின்னால் இருந்தவளைத் தட்டிக் கூப்பிட்டாள், தூக்கக் கலக்கத்தில் அவள் திரும்பவில்லை. நானும் சிரித்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். அப்பாதான் உன் தொடையில் ஓங்கி ஒரு அடி போட்டு, கையை வைடா என்றார்.

அந்த நேரம் பின்னால் ஒரு பைக் ஹாரன் அடித்துக்கொண்டு ஒட்டி வந்தது. எதிரே ரோடு நேராக, காலியாகக் கிடந்தது. உன் கை அதுபாட்டுக்குப் போய் வலது இண்டிகேட்டரைத் தட்டியது. நீ யோசிக்கவே இல்லை. மலையில் பிறந்து லாரிச் சீட்டில் வளர்ந்த எவனும் யோசிக்க மாட்டான். பைக் தாண்டிப் போகட்டும் என்று நீ நினைத்தாய். நீ பிக்கப்பைத் தாண்டப் போகிறாய் என்று கார் எடுத்துக்கொண்டது. உறுமிக்கொண்டு முன்னால் பாய்ந்தது. அதே நொடியில் பிக்கப்காரர் யாரையோ இறக்கிவிட ஓரம் கட்டிப் பிரேக் போட்டார். உன் கால் சீட்டுக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. கார் தானே பிரேக்கும் பிடித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பிடித்து நின்றபோது காரின் மூக்குக்கும் பிக்கப்பின் பின்கம்பிக்கும் நடுவில் அவள் கால்கள் இருந்தன. பச்சை விறகை முட்டியில் வைத்து ஒடிப்பது போல ஒரு சத்தம் கேட்டது. பிறகு அவள் அலறினாள். நம் முன்கண்ணாடியில் ரத்தம் தெறித்தது. மழை என்று நினைத்துக்கொண்டு வைப்பர் தானாக எழுந்து அதை இரண்டு பக்கமும் இழுத்துத் தேய்த்தது. இதையெல்லாம் உன் பதிவில் காணோம். சம்பவம் என்று ஒரே வார்த்தையில் தாண்டிவிட்டாய்.

நீ காரைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் எதையெதையோ அழுத்தினாய். அப்பா இறங்கி டிரைவர் பக்கம் ஓடி வந்து கதவைத் திறந்தார். “பின்னாடி போயி அம்மாகிட்ட உக்காரு. வாயத் தொறக்காத, அடுத்த மாசம் உனக்குக் கல்யாணம்” என்றார். நீ சீட்டுகளுக்கு நடுவில் புகுந்து என் பக்கத்தில் வந்து விழுந்தாய். பிக்கப்பில் இருந்தவர்களுக்குக் கண் செல்லம்மாவின் மேல்தான், இடம் மாறியதை யாரும் பார்க்கவில்லை. அவர் உன் இடத்தில் ஏறி, காரைப் பின்னுக்கு எடுத்தார். அவள் கீழே சரிந்தாள். மேலே சரிவில் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்த ஆண்கள் அலறலைக் கேட்டு இறங்கி ஓடி வந்தபோது, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தது உன் அப்பாதான். எவன்டா ஓட்டினது என்று யாரும் கேட்கக்கூட வேண்டியிருக்கவில்லை. கேட்கும் முன்பே அவர் சொன்னார். “நான்தானுங்க.”

செல்லம்மாவை அதே பிக்கப்பில் இலை மூட்டையின் மேல் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். மிச்சம் இருந்தவர்கள் அப்பாவைச் சட்டையோடு வெளியே இழுத்தார்கள். முதல் அடி வாயில் விழுந்தது, பல் ஒன்று ரோட்டில் தெறித்தது. விலாவில் உதைத்தார்கள். கீழே விழுந்தவரை முடியைப் பிடித்துத் தூக்கி மறுபடி அடித்தார்கள். அவர் கையைத் தூக்கவே இல்லை, கண்ணு. எனக்குத் தெரிந்த அந்தக் கை, பர்லியாரில் கண்ணாடியை உடைத்த கை, பக்கத்தில் தொங்கிக்கொண்டே இருந்தது. செல்லம்மாவின் தம்பி முருகேசன் கவாத்துக் கத்தியோடு வந்தான். வெட்டவில்லை, அவ்வளவு நிதானம் அவனுக்கு இருந்தது. கத்தியைத் திருப்பிப் பிடித்துப் பிடியால் முகத்தில் இடித்தான்.

நீ அப்போது என்ன செய்தாய் என்று ஊருக்குச் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். முன்சீட்டுக்கு எக்கிக் கதவுகளைப் பூட்டினாய். நான் இறங்கப் போனபோது என் மணிக்கட்டைப் பிடித்தாய். “போவாதீங்கம்மா, நம்மளையும் கொன்னுருவாங்க” என்றாய். நம்மளையும் என்றாய். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உன் அப்பாவின் முகம் தரையில் தேய்ந்துகொண்டிருந்தது. கையை விடுடா என்று கத்தினேன், விடவில்லை. கடித்தேன். வாயில் உப்புக் கரிக்கும் வரை கடித்த பிறகுதான் விட்டாய். கேரியரைத் தூக்கிக்கொண்டு இறங்கி முருகேசன் மண்டையில் அடித்தேன். மூடி தெறித்துச் சோறும் குழம்பும் அவன் தலையில் வழிந்தது, கூடவே ரத்தமும் வழிந்தது. ஒருவன் என் கொண்டையைப் பிடித்து இழுத்தான், அவன் கன்னத்தைப் பிறாண்டினேன். ஒரு பொம்பளையை அடிக்க அவர்களுக்குக் கை வரவில்லை, அதனால் நின்றார்கள். அப்பாவின் தலையை மடியில் எடுத்து வைத்தேன். இடது கண் இருந்த இடத்தில் கண் இல்லை.

போலீஸ் வந்தது, அப்பா சொன்னதை எழுதிக்கொண்டது. கூட இருந்த நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த வெட்கம் என்னுடையது, உன் தலையில் கட்ட மாட்டேன். கேஸ் அவர் பேரில் நடக்கிறது, லைசென்ஸ் போய்விட்டது. உன் கல்யாணத்துக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மேடையில் நின்றார். வந்தவர்கள் எல்லாம் அவரிடம், இந்த வயசில் உங்களுக்கு எதுக்குங்க அந்தக் கார் என்று துக்கம் விசாரித்தார்கள். அவரும் புத்தி வந்ததுங்க என்று சிரித்தார். மணமேடையில் உன் கையைப் பிடித்த பெண், இந்தத் தழும்பு என்ன என்று கேட்டாளாம். கண்ணாடி கிழித்தது என்று சொன்னாயாம். மருமகளே, இதை நீயும் படிப்பாய். அது என் பல். நீ நல்ல பெண், உன்னிடம் இவ்வளவு நாள் சொல்லாமல் இருந்ததற்கு என்னை மன்னித்துவிடு.

முருகேசன் நம் வீட்டுக்கு வந்ததும் உனக்குத் தெரியாது. அடித்ததற்கு அப்பா புகார் கொடுக்கவில்லை. யார் அடித்தது என்று தெரியாது என்று போலீஸிடம் சொல்லிவிட்டார். அது அவனை என்னமோ செய்திருக்க வேண்டும். நான் அடித்த அடிக்குத் தலையில் போட்ட தையலோடு வந்து வாசலில் நின்றான். உள்ளே கூப்பிட்டாலும் வரவில்லை. எங்கக்கா கால் தொங்கினதப் பாத்ததும் எனக்குக் கண்ணு தெரியலைங்க ஐயா என்று சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே கேட்டு, வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதான். அப்பா அவன் தோளைத் தட்டி, நீ அடிச்சது சரிதாம்ப்பா, தப்பு என்னுது என்றார். அவன் நிமிர்ந்து போனான். ஓட்டினவனைத்தான் அடித்தோம் என்ற அந்த ஒரு பிடிதான் அவனுக்கு மிச்சம் இருந்தது. அதை அப்பா அவனுக்கே விட்டுக் கொடுத்தார். நான் உள்ளே நின்று கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டிருந்தேன், வெளியே ஓடிப் போய் உண்மையைக் கத்திவிடுவேனோ என்று.

இத்தனையையும் நான் விழுங்கிக்கொண்டுதான் இருந்தேன். அப்பா விரும்பிச் சொன்ன பொய், உன்னைக் காப்பாற்றச் சொன்ன பொய், இருந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். ஆனால் அந்தப் பொய்யை எடுத்து வைத்துக்கொண்டு நீ ஊருக்குப் புத்தி சொல்லக் கிளம்புவாய் என்று நான் நினைக்கவில்லை. பழைய டிரைவர்களின் ஆபத்தான பழக்கமாம். யாருடைய கைடா இண்டிகேட்டரைத் தட்டியது? உன் கை. கேட்காமல் எல்லாவற்றையும் ஆனில் வைத்தது யார்? நீ. பின்னால் வருகிறவனுக்கு வழிவிடுகிற பழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன், காரையும் குறை சொல்ல மாட்டேன். கார் அதற்குச் சொல்லி வைத்ததைச் செய்தது, உன் கை மலையில் கற்றதைச் செய்தது. இரண்டும் ஒன்றை ஒன்று கேட்டுக்கொள்ளவில்லை. நடுவில் இருந்த நீ கேட்டிருக்க வேண்டும். உன் சம்பளத்துக்கும் படிப்புக்கும் வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் நாலு பக்கம் புரட்ட முடியாதா? உனக்கும் உன்னைப் போன்ற பிள்ளைகளுக்கும் நான் சொல்கிற புத்தி இவ்வளவுதான். வண்டியில் எது ஆனில் இருக்கிறது, அது எதைப் பார்த்து வேகம் பிடிக்கும், எதைப் பார்த்தால் நிற்கும் என்று தெரியும் வரை, முன்னால் மனிதர் உட்கார்ந்திருக்கிற ரோட்டில் காலை மடக்கி வைத்துக்கொள்ளாதே. பிறகு ஒன்று நடந்தால், இறங்கி நில்.

போன வாரம் செல்லம்மாவைப் பார்க்கப் போனேன். மாதம் ஒரு தடவையாவது போகிறேன். இடது கால் முட்டிக்குக் கீழே இல்லை, வலது காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். இலை பறிக்கப் போக முடியாது, தோட்டத்து லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்து அண்டை வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். அவளுடைய அப்பா அம்மா இலங்கைத் தோட்டத்தில் இருந்து வந்தவர்கள், இவள் இங்கேயே பிறந்தவள். நான் போனால் தேத்தண்ணி போடச் சொல்லி உள்ளே குரல் கொடுப்பாள். அன்றைக்கு அதைச் சொல்லவில்லை. உன் பதிவை யாரோ அவளுக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள். “அக்கா, கண்ணாடி போட்ட ஒரு தம்பி ரெண்டு கையையும் தூக்கிக் காட்டிச்சே. அதுதானே ஓட்டிக்கிட்டு வந்திச்சு?”

ஆஸ்பத்திரியில் கண் விழித்த நாள் முதல் அவளுக்குத் தெரியும். பெரியவரை அடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோதே தப்பு நடந்துவிட்டது என்று புரிந்துகொண்டாள். தம்பியிடம் சொல்லவில்லை. தப்பான ஆளுடைய கண்ணைக் குத்திவிட்டோம் என்று தெரிந்தால் அவன் உசுரோடு இருக்க மாட்டான் என்று பயந்திருக்கிறாள். உன் பதிவைக் கேட்ட பிறகு அவளால் தாங்க முடியவில்லை. காலை வாங்கிக்கொண்ட ஆளே கதை சொல்லுதே அக்கா என்றாள். உன் அப்பா தன் கண்ணையும், அவள் தன் வாயையும், நான் என் மானத்தையும் கொடுத்து உன்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தோம், நீ அங்கே இருந்துகொண்டு எங்களுக்கே பாடம் நடத்தினாய்.  ஆமாம்மா, என் மகன்தான் என்றேன்.

தண்ணீர்க் குடத்தோடு முருகேசன் வாசலில் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று நாங்கள் இரண்டு பேருமே பார்க்கவில்லை. குடத்தை ஒரு சொட்டும் சிந்தாமல் இறக்கி வைத்தான். படிக்கட்டுக் கல்லுக்கு முன்னால் குத்த வைத்து உட்கார்ந்து, கத்தியைப் பிடித்த வலது கையை அந்தக் கல்லில் ஓங்கி அடித்தான். மறுபடி அடித்தான். செல்லம்மா ஒற்றைக் காலோடு தரையில் தவழ்ந்து அவன் முதுகில் விழுந்தாள், நான் அவன் தோளைக் கட்டிக்கொண்டேன், பக்கத்து வீட்டு ஆண்கள் வந்து இழுப்பதற்குள் விரல்கள் நொறுங்கிவிட்டன. எலும்பு வெளியே தெரிந்தது.  கோத்தகிரி ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போது என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டான். “அவரு எங்க இருக்காரு?”

நான் சொன்னேன். பெங்களூரில் நீ இருக்கிற தெருவையும், அடுக்குமாடியின் பெயரையும், எத்தனையாவது மாடி என்பதையும் சொன்னேன். நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றும் சொன்னேன். அவன் உன்னிடம் என்ன கேட்பான் என்று எனக்குத் தெரியாது. கேட்கத்தான் வருகிறானா என்றும் தெரியாது. ஒரு கை கட்டில் இருக்கிறது, இன்னொரு கை நன்றாகத்தான் இருக்கிறது. அவன் அதை ஓங்கினால் நான் குறுக்கே விழுவேன், பெற்றவளுக்கு வேறு வழி கிடையாது. ஆனால் உனக்காக ஒரு வார்த்தை பேச மாட்டேன். அதற்கு முன்பே நீ கிளம்பி வந்து, கோத்தகிரி ஸ்டேஷனில் ஓட்டியது நான்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து நேராக அவர்கள் லைன் வீட்டுக்கு நடந்து போனால், அவன் பஸ் ஏற வேண்டியிருக்காது. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கொள் என்று அவனிடம் கேட்டிருக்கிறேன், சரி என்றான். சனிக்கிழமை காலையில் நானும் அவனும் பஸ் ஏறிவிடுவோம்.

அம்மா